எபனேசரின் இரண்டாவது கிலோமீட்டர்

போலாரம் எபனேசருடைய டிரெய்லரில் ஏறிய எந்தச் சாமானும் இருபத்திரண்டு வருடங்களில் ஒரு விரல்கடை நகர்ந்ததில்லை. இதை அவர் சொல்லாத நேரம் ஜெப நேரம் ஒன்றுதான். கட்டி முடித்ததும் சாமானை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்ப்பார். பிறகு இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, மறுபடியும் ஆட்டிப் பார்ப்பார். கிளம்பும்போது இறுகியிருக்கும் சங்கிலி குலுங்கினால் தளர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. நிறுத்தும் இடத்திலெல்லாம் ஓர் இரானி டீக்கடை இருப்பது தற்செயல் என்பதும் அவர் கட்சிதான்.

2007 அறுப்பின் பண்டிகைக்குத் தமிழ்ச் சபை வாசலில் ஒரு மினி டிராக்டரை நிறுத்த ஆசைப்பட்டார் மாதர் சங்கச் செயலாளர் ஞானசௌந்தரி. டிராக்டர் ஆலனுடையது. மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த ஆலன், ஷாமீர்பேட்டில் நிலம் வாங்கிய கையோடு அதையும் வாங்கி அல்வால் வீட்டில் நிறுத்தியிருந்தான். ஓட்டத்தான் தெரியாது. அதனால் எபனேசரைக் கூப்பிட்டார்கள்.

ஞாயிறு காலை அவர் டிராக்டரை ஏற்றி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, நான்கு சக்கரங்களுக்கும் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, நான்கு மூலைக்கும் சங்கிலி மாட்டி இறுக்கினார். கை கழுவிவிட்டு வருவதற்குள் மாதர் சங்கம் கரும்பும் வாழையிலையுமாக டிராக்டரையே மறைத்துவிட்டது.

ஞானசௌந்தரி டிரெய்லரை இழுக்கும் வண்டியின் முன்சீட்டில் ஏறியதும் சொல்லிவிட்டார். ஆராதனை ஒன்பது மணிக்கு. டீக்கு நிறுத்தித் தாமதமானால், சபையின் ஒரு நாற்காலியைக்கூட இனி எபனேசர் ஏற்ற முடியாது. போதகரிடம் ஞானசௌந்தரியே பேசுவார். சபை வேலை போனால் போலாரத்தில் எபனேசர் பெயரும் போய்விடும்.

இரண்டாவது கிலோமீட்டரில் அவர் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"நக்கோ, வேண்டாம் எபனேசர். மணி எட்டே முக்கால்."

"ஒரே நிமிஷம்க்கா. ஆட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்."

ஆட்டினார். டிராக்டரும் கூடவே ஆடியது. முன்சங்கிலி தொட்டில் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தடியில் வாழையிலையை விலக்கினார். மரக்கட்டை இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் பூசணி பாதி நசுங்கி, விதைகளைக் கக்கிக்கொண்டிருந்தது. நான்கு சக்கரத்திலும் அதே கோலம்.

"அக்கா, கொஞ்சம் எறங்கிப் பாருங்க."

ஞானசௌந்தரி பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கட்டையெல்லாம் ஆயில் கறுப்பா இருந்துச்சு. பண்டிகைக்கு நல்லாவா இருக்கும்? ஆலன்கிட்ட சொல்லி அதைத் தட்டி எடுத்துட்டுப் பூசணியை வைக்கச் சொன்னேன்."

"இப்ப கட்டை எங்க?"

அவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப்பையை இழுத்தார். பையை நீட்டும்போது அவர் முகம் ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எபனேசர் கட்டைகளை அடித்து இறக்கி, சங்கிலியை இறுக்கினார். வாசலில் டிராக்டர் நின்றபோது மணி ஒன்பது மூன்று. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். ஞானசௌந்தரி முந்திக்கொண்டு, ரோட்டில் நெரிசல் என்றார். பிறகு எபனேசரைத் தனியே கூப்பிட்டு, பூசணி விஷயம் வெளியே போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

"நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்?"

சொன்னபடி அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, டிரெய்லரைச் சபை வாசலிலேயே நிறுத்தினார். பலகை இடுக்கில் ஒரு பூசணிக் கொடி இரண்டு இலை விட்டிருந்தது. இதென்ன என்று போதகர் கேட்டார்.

"எனக்கென்னங்கய்யா தெரியும்? அக்காவைக் கேளுங்க."

பதினைந்து நாளாக அதற்கு எபனேசர் தண்ணீர் ஊற்றிவந்ததை யாரும் கேட்கவில்லை.