இடுப்பெலும்புக்கு நான் நாள் பார்த்த கதை

பள்ளியில் இரண்டாவது பாடவேளை முடிந்து மணி பத்து நாற்பது. ஆசிரியர் அறையில் நின்றபடியே போனை எடுத்தேன். மருத்துவமனையிலிருந்து என் கணவர் பியோ ஜொங்கு பேசினார்.

"டீச்சரம்மா, இடுப்புக்குள்ள, இடது தொடையெலும்போட தலைக்கு ரத்தமே போகலையாம். உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்காம். இத்தனை வருஷம் குடிச்ச சோஜு சாராயம் எல்லாம் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுது."

"ஏங்க, சிரிக்கிற விஷயமா இது?"

"அழுதா ரத்தம் போகுமா?"

எங்கள் ஊரான குன்சானில் வீட்டுத் தரைகளுக்கு விரிப்பு ஒட்டுவது அவர் தொழில். முப்பது வருடமாகக் குந்தி உட்கார்ந்தே சம்பாதித்தவர். அன்று மாலை நானும் போய் மருத்துவரைப் பார்த்தேன். எலும்பு இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் துளை போட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்தால் சொந்த மூட்டு பிழைக்க வாய்ப்புண்டு, உத்தரவாதம் இல்லை என்றார். அமுங்கிவிட்டால் செயற்கை மூட்டுதான். பிறகு குந்தி உட்காரவே கூடாது.

"நாளைக்கே போடுங்க, டாக்டர்" என்றார் ஜொங்கு.

நான்தான் குறுக்கே விழுந்தேன். எங்கள் பன்னிரண்டு விலங்கு ஆண்டுக் கணக்கில் அவர் டிராகன் ஆண்டில் பிறந்தவர். அவருக்கு மூன்று வருடக் கெட்டகாலம் நடந்துகொண்டிருந்தது. அதிலும் நடு வருடம். அந்த நேரத்தில் உடம்பில் இரும்பு படுவதா? ஆறு வாரம் பொறுத்தால் அதிக மாதம் பிறக்கும். அந்த மாதத்தில் மனிதர்களைக் கண்காணிக்கும் ஆவிகளுக்கு விடுமுறை. கல்லறையைத் தோண்டி இடம் மாற்றினாலும் குற்றமில்லை. எலும்பைத் தோண்டினால் மட்டும் என்ன?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் புவி அறிவியல் ஆசிரியை. சந்திர ஆண்டு பதினோரு நாள் குறைகிறது, அதை ஈடுகட்டத்தான் அதிக மாதம் என்று இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவள். தேர்வில் தவறாக எழுதிய பிள்ளைகளுக்குச் சிவப்பு மையில் சுழித்தவள்.

"பாடத்துல கணக்கு, வீட்டுல பேயா? உன் பிள்ளைங்க கேட்டா சிரிப்பாங்க" என்றார்.

"ஆறே வாரம்தாங்க. ஊன்றுகோலோட சும்மா உட்காருங்க."

"சும்மா உட்காரத் தெரிஞ்சா நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன்?" என்று முணுமுணுத்தவர், கடைசியில் எனக்காக ஒத்துக்கொண்டார். மருத்துவமனைக்குப் போன் போட்டுத் தேதியைத் தள்ளிவைத்தேன். காரணம் கேட்டார்கள். பள்ளித் தேர்வு என்று பொய் சொன்னேன். அறிவியல் ஆசிரியைக்கும் கொஞ்சம் வெட்கம் இருக்கிறதே.

நான்காவது வாரம், சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்போது அவர் முகம் வெளுத்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உன் ஆவிங்க லீவுக்கு முன்னாடி ஒரு வேலைய முடிச்சிட்டுப் போகுது."

எலும்பு அமுங்கிவிட்டது. உடனே செய்திருந்தாலும் அமுங்கியிருக்கலாம் என்றார் மருத்துவர். நல்ல மனிதர். அந்த வாக்கியத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு நாளும் உதவியதில்லை.

மூட்டு மாற்ற மருத்துவமனை கொடுத்த தேதி அதிக மாதத்தின் மூன்றாம் நாள். நான் கேட்கவேயில்லை. சிகிச்சை அவ்வளவு பிரமாதமாக முடிந்தது. வலியில்லை, நொண்டலில்லை. நான் பார்த்த நாளில் ஒரு குறையும் இல்லை. குந்துவது மட்டும் போயிற்று. அதன்பின் கூட்டாளிகளுக்கு மேசையில் நின்றபடி விரிப்பு வெட்டிக் கொடுத்தார்.

போன இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டுச் சின்ன அறைக்குத் தானே விரிப்பு போடுவதாகக் கிளம்பினார். விரிப்பை ஒட்டவைக்கும் உருளைக்கு நீளக் கைப்பிடி கட்டி, நின்றுகொண்டே அழுத்தினார். ஜன்னலுக்குக் கீழிருந்த ஓரத்துக்கு மட்டும் அது எட்டவில்லை.

"நான் குந்தி ஒட்டிடறேங்க" என்றேன்.

"நீயா? முதல்ல நாள் பார்த்துட்டு வா."

இருவரும் சிரித்தோம். அவர் சிரித்ததில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் இப்போது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதினோரு நாள் கழித்து, காலையில் சூப்பை ஊதிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்று இறந்துபோனார். இடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள்.

சின்ன அறையில், ஜன்னலுக்குக் கீழே இரண்டு முழ நீளத்துக்கு விரிப்பின் ஓரம் இன்னும் ஒட்டப்படவில்லை.