காகம் வராத மதியம்

கொய்யா மரத்தில் நான் தீனி வைத்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் தேங்காய்ச் சிரட்டைகளுக்கு வருவதெல்லாம் என் வீட்டுக்காரருக்கு வெறும் குருவிதான். எனக்கு அது பிடிக்காது. குறுணலைக் கொத்த வரும் நெல்லுக்குருவியிலேயே இரண்டு சாதி உண்டு. ஒன்றுக்கு நெஞ்சில் செதில் செதிலாகப் புள்ளி, மற்றதற்கு முதுகின் அடியில் வெள்ளை. தெரியாதவர்களை நான் திருத்தாமல் விட்டதில்லை. சம்மாந்துறையிலிருந்து வரும் சம்பந்திமாரையும் விடமாட்டேன்.

பப்பாளித் துண்டு வைத்த சிரட்டைக்கு ஆண் குயில் ஒன்று வரும். தூரத்தில் பார்த்தால் காகமேதான். கிட்டப் பார்த்தால் கண் சிவப்பு, சொண்டு வெளிறிய பச்சை, வாலும் நீளம். அதைப் போய்க் காகம் என்று ஆட்கள் சொல்லும்போது எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

பக்கத்து வீட்டுக்காரி எனக்குத் தங்கச்சி மாதிரி, நான் அவளுக்கு ராத்தா. அவளுடையது கடல் தொழில் செய்கிற குடும்பம். சில வருடங்களுக்கு முன் தோணியில் போன அவள் புருசன் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அவர் போன நாளையே திவசமாக வைத்திருக்கிறாள். அன்று படையல் சோற்றைக் காகம் தொட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். காகம் தொட்டால் போனவர் வந்து உண்டதாக அவர்களுக்கு நம்பிக்கை. எங்கள் மார்க்கத்தில் அப்படி இல்லை. ஆனாலும் அவரிடமிருந்து அவளுக்கு வருவது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருடத் திவசத்தன்று காகமே வரவில்லை. கரைவலை இழுக்கிற நாள், ஊர்க் காகமெல்லாம் மீனுக்குப் போய்விட்டன. இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள மதிலில் வாழையிலை விரித்து, சோறு, கறி, வடை, வாழைப்பழம் எல்லாம் வைத்திருந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. நான் மதியத்து லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோதும் அவள் வெயிலில் நின்றாள். அவருக்கு உன்மேல் என்ன மனக்குறையோ என்று அவள் வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு சொந்தக்காரி சொன்னது எனக்கே கேட்டது. அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் கறுப்பாக ஒன்று இலையில் இறங்கி வாழைப்பழத்தைக் கொத்தியது. காகம் வந்திட்டு என்று அவள் மகள் உள்ளே ஓடினாள். பாத்திரங்கள் எடுக்கும் சத்தம் கேட்டது. நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். சிவப்பு.

சொல்ல வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் மதிலருகே வந்தாள். காகம்தானே என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டி வருமே என்று பயந்தேன். அவள் கேட்கவில்லை.

"குயிலெண்டு எனக்கும் தெரியும் ராத்தா. ஒண்டும் சொல்லிராதீங்க" என்றாள். குரலே எழும்பவில்லை. "கரைக்கே வராத மனிசன். எதுல வர ஏலுமோ அதுல வந்திரிக்காரு."

நான் தலையாட்டினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பசித்திருந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடப் போனாள்.