ஏழு சுழிகளைத் தாண்டி வந்த குரல்

அருவாய் நின்றும் அன்பர்பொருட்டு உருவாய் எழுந்தருளும் கந்தவேளின் திருவடி முன்னிற்க.

தைப்பூச நன்னாளாகிய இன்று, சென்ற வாரம் கண்டு வியந்த ஒன்றை எழுதுகிறேன்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் என் நண்பர், ஆண்டுதோறும் பூசத்தன்று கோயிலில் பதிகம் பாடி வந்தவர். தொண்டையில் அறுவை நடந்தபின் அவருக்குக் குரலே இல்லை. அவர் பாடிய ஒரே பதிவு முன்னொரு காலத்தில் எனக்கு மின்னஞ்சலில் வந்திருந்தது. என் பழைய கணினியில் அது பாட்டாகத் திறக்காமல், பொருள் விளங்காத ஆங்கில எழுத்துகளாகப் பக்கம் பக்கமாக விரிந்தது. இன்னதென்று அறியாமலே, நாளுக்கொரு பகுதியாக ஏழு நாள் அமர்ந்து, அவற்றை ஒரு கோப்பில் ஒட்டிச் சேர்த்தேன். பின்னர் அந்த அஞ்சல் கணக்கும் மூடப்பட்டது. வேறு படி எவரிடமும் இல்லை.

நண்பரின் மகள் புதுச்சேரியில் 'சி' என்னும் கணினி மொழியில் நிரல் எழுதுபவள். சென்ற வாரம் நான் காட்டிய கோப்பைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"பெரியப்பா, இது அப்பா பாட்டுதாங்க! மெயில்ல எழுத்து மட்டும்தான் ஒழுங்கா போவும்னு பண்ண ஏற்பாடு. பாட்டுத் தகவல்ல மூணு மூணு பைட்டை நாலு நாலு எழுத்தா மாத்தி அனுப்புவாங்க. நாம திருப்பி மாத்தணும், அவ்ளோதான்."

இந்த ஏற்பாட்டுக்கு மொத்தம் எத்தனை வகை எழுத்து என்றேன். அறுபத்து நான்கு என்றாள். கலைகளின் எண்ணிக்கையல்லவா! என் உள்ளம் குளிர்ந்தது.

அவள் சிறு நிரல் ஒன்றை எழுதி ஓட்டினாள். முதல் எழுத்திலேயே அது செயலிழந்து நின்றது. திரையை உற்று நோக்கியவள் சிரித்துவிட்டாள்.

"பிள்ளையார் சுழி போட்டீங்களா?"

"எழுத உட்கார்ந்தா போடுறதுதானேம்மா."

"ஒண்ணு இல்லீங்க, ஏழு! ஒரு நாள் கூட விடல. அந்த அறுபத்து நாலுல 'உ' ஏது? நிரல் அதைத் தேடிக்கிட்டு பட்டியலுக்கு வெளியவே போயிடுச்சு."

என் கையாலேயே நண்பரின் குரலைக் கெடுத்தேனோ என்று பதறினேன்.

"அழிச்சிடும்மா."

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும். பட்டியல்ல இல்லாதது வந்தா தொடாம தாண்டிப் போன்னு சொல்லிட்டேன். நாலு நாலா எண்ற கணக்கு மட்டும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும்."

மீண்டும் ஓட்டினாள். நான்கு எழுத்துகள் கூடும். மூன்று பைட்டுகள் பிரியும். இறுதி நான்கில் எழுத்துக் குறைந்த இடத்தைச் சமக்குறி (=) நிரப்பி நின்றது. பதிகம் ஒலித்தது. தளை தட்டாத வெண்பாவைக் கண்டாற்போல் வியந்தேன்.

உப்பளத்தில் தரை இறுகுமாறு பாத்தி மிதிப்பதை மேற்பார்த்து நின்ற நண்பரிடம் அன்றே சென்றோம். தம் குரலைக் கேட்டுத் தொடையில் தாளமிட்டவர், முடிந்ததும் கைக்குறிப்பேட்டில் எழுதி நீட்டினார்: "ரெண்டாவது அடியில சுதி இறங்கியிருக்கு."

"ஏம்பா, பாடுனதும் நீ, குறை சொல்றதும் நீயா!" என்றாள் மகள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இன்று காலை சந்நிதியில் அந்தக் குரலே பதிகம் பாடியது. சுதி இறங்கிய அடியும் அப்படியே ஒலித்தது.

இதைப் படிக்கும் அனைவரும், தாம் இழந்ததாக எண்ணிய இனிய குரல்களை மீண்டும் கேட்டு மகிழ்ந்து, நலமெல்லாம் பெற்று நீடு வாழ்க.