கட்டைவிரல் சேராத பேனா

போன வாரம் வங்கியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, கவுண்டருக்குள் இருந்த பெண் என் கையையே பார்த்தாள். "கட்டைவிரல்ல அடிபட்டிருக்காம்மா?" என்று கேட்டாள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைச் செருகி எழுதுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். என் கட்டைவிரலுக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் அப்பாவுக்கு.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், இருந்தோம். நான் பிறப்பதற்கு முன்பே, ஃபாக்டரியில் கொழுந்தை நசுக்கும் ரோலர் அப்பாவின் வலது கட்டைவிரலைத் தின்றுவிட்டது. அதன்பிறகு அவருக்குத் தூசி கூட்டுகிற வேலைதான் கொடுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஐந்தாவது வரை படித்த மனிதர். மகளாவது கூடை சுமக்காமல் பிழைக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது. சாயங்காலம் அம்மா, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு வந்து அடுப்பு மூட்டுவாள். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் புகையும். அந்த வெளிச்சத்தில் அப்பா சிலேட்டை மடியில் வைத்து, பலப்பத்தை இரண்டு விரலுக்கு நடுவில் இடுக்கி 'அ' போடுவார். சுழி அழகாக வந்துவிட்டால் தானே சிரித்துக்கொள்வார். "பாத்துக்கோ தாயி, என்னைய மாதிரியே போடு" என்பார். நான் பார்த்துக்கொண்டேன். எழுதுகிற கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் கால் வைப்பதற்குள் என் பெயரையும் அவர் பெயரையும் எழுதப் பழகியிருந்தேன்.

ஒன்றாம் வகுப்பு வாத்தியார் கண்ணில் என் எழுத்து படவில்லை, பிடித்த விதம்தான் பட்டது. "எவன் சொல்லிக் குடுத்தான் இப்பிடி?" என்று கேட்டு விரல் மூட்டிலேயே அடித்தார். அப்பாவை 'எவன்' என்கிறவரிடம் அப்பாவைக் காட்டிக்கொடுப்பேனா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொல்லிச் சொல்லி மறுநாளும் அடித்தார். அந்த ஆள் மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

வீங்கிய மூட்டுகளை அப்பா பார்த்துவிட்டார். "எதுக்கு அடிச்சாரு? எழுத வரலையா?" என்றார்.

"வருதுப்பா" என்றேன்.

"எழுது, பாப்போம்" என்று சிலேட்டை நீட்டினார். எழுதினேன். பலப்பத்தைத் தொடாமல் விலகி நின்ற என் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "நல்லா இருந்த கைய நானே ஊனமாக்கிட்டனே" என்று அம்மாவிடம் சொன்னார். "சின்னப் பிள்ளைதான, மாறிரும், விடுங்க" என்றாள் அம்மா. அவர் விடவில்லை. அதன்பிறகு என் சிலேட்டை அவர் தொட்டதே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லிக்கொடுப்பாள். அப்பா வாசலில் மழையைப் பார்த்தபடி, கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சில வருடங்களில் தூசி அவர் நெஞ்சில் அடைத்துக்கொண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஏதாச்சும் எழுதிக் காட்டு தாயி" என்றார். கட்டைவிரலைச் சேர்த்து, பிடிக்க வேண்டியபடி பென்சிலைப் பிடித்து, அவர் பெயரை எழுதினேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார். "சரியாயிருச்சு" என்றார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகு என் கட்டைவிரல் மறுபடியும் விலகிக்கொண்டது.

"அடியெல்லாம் இல்லம்மா, எங்கப்பா சொல்லிக் குடுத்தது" என்றேன் வங்கிப் பெண்ணிடம். அன்றைக்கு வாத்தியாரிடம் சொல்லாத பதில். அவள் சிரித்தாள். அப்பா கண்முன்னால் இருந்தால் நான் இப்படிப் பிடித்து எழுத மாட்டேன்.