நூலை ஒரு வாரம் அவிழ்க்கச் சொன்னவர்

லியாவ் ஜிந்தெங்கிடம் பிரேக் சரியில்லை என்று வண்டியை விட்டுப் போனால், சாயங்காலம் இன்ஜினும் தனியாகக் கிடக்கும். தைனான் நகரத்து மீன் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் இருபத்தைந்து வருஷமாக ஸ்கூட்டர் பழுது பார்க்கிறார். "உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எப்படி மூடறது?" என்பார். ஏழு வயதில் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்தார். பட்டாளத்தில் இருந்தபோது மேலதிகாரியின் வானொலியைப் பிரித்து, மூன்று வாரம் கக்கூஸ் கழுவினார். ஐம்பத்தாறாவது வயதில் தன் கல்யாணத்தைப் பிரிக்க உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான். சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சீட்டு. வருஷப்பிறப்புக்கு முன்னால் வீடு துடைக்கும்போது, மனைவி சியூலுவானின் பழைய கைப்பையிலிருந்து அது விழுந்தது. காதலர்களின் காலில் சிவப்பு நூல் கட்டி முடிச்சுப் போடுகிற சாமி நிலாக்கிழவர். அவர் கோயிலில் எழுதிக் கொடுக்கிற விண்ணப்பச் சீட்டு அது. 'நல்ல பையன் ஒருவன்' என்று மொட்டையாக எழுதினால் சாமி யாரையாவது தலையில் கட்டிவிடுவார் என்று, எங்கள் ஊரில் விலாசம் வரைக்கும் எழுதிவிடுவார்கள். சியூலுவான் அதற்கும் ஒரு படி மேலே போயிருந்தாள்.

'லியாவ் ஜிந்தெங். வயது இருபத்தாறு. டயர் கம்பெனி விடுதி, மூன்றாம் மாடி. இதே பெயரில் இரண்டாம் மாடியில் இன்னொருவர் இருக்கிறார். அவர் வேண்டாம். எனக்கு வேண்டியவருக்கு முன்பல் கோணல்.'

ஜிந்தெங்குக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கம்பெனி வாசலில் வாத்துச் சோறு விற்ற பெண்ணைத் தானாகப் பார்த்து, தானாக மயங்கினதாகத்தான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். வாழ்க்கையில் அவர் சொந்தமாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

"நான் உன்னைக் காதலிச்சேன்னு இல்ல நெனச்சுட்டிருக்கேன்! நீ என்னை ஆர்டர் குடுத்து வரவழைச்சிருக்க!"

"வந்த சாமான் சரியில்லன்னு நானே வாயைத் தொறக்கல. உனக்கென்ன?" என்றாள் சியூலுவான், ஜன்னலைத் துடைத்துக்கொண்டே.

"சாமி கட்டி இழுத்துட்டு வந்தா, அது எப்படி என் காதலாகும்?"

"யாரு காதலா இருந்தா என்ன? அலமாரி மேல தூசி அப்படியே இருக்கு பாரு."

அவர் துணியை வீசிவிட்டு நேரே கோயிலுக்குப் போனார். அங்கே சாமியிடம் குறி கேட்க உருட்டிப்போடுகிற பிறைக்கட்டைகளை எடுத்துக் கொடுக்கிறவர் கிம் அக்கா. ஊரில் பாதிப் பேருடைய ஆசை அவருக்குத் தெரியும். மீதிப் பாதிப் பேருடைய அசட்டுத்தனமும் தெரியும்.

"அக்கா, என் நூலை அவுக்கணும்."

"விவாகரத்துன்னா கோர்ட்டுக்குப் போ தம்பி. இங்க கட்டறது மட்டும்தான்."

"அதெல்லாம் இல்லக்கா. கொஞ்ச நாளைக்கு. நூல் இல்லாமயும் அவமேல ஆசை இருக்கான்னு சோதிச்சுப் பாக்கணும். இருந்துச்சுன்னா திரும்பக் கட்டிக்கறேன்."

"அந்த நூலுக்கு இன்னொரு முனையும் இருக்கே. அவளைக் கேட்டியா?"

"அவளை எதுக்குக் கேக்கணும்? சோதனை என்மேலதானே!"

கிம் அக்கா கட்டைகளை நீட்டினார். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சாமிக்குச் சம்மதம். அதுவும் தொடர்ந்து மூன்று தடவை விழ வேண்டும். ஜிந்தெங் ஒரு மாதம் கேட்டார். இரண்டு கட்டையும் மல்லாந்து விழுந்தன, அதாவது சாமி சிரிக்கிறார். ஒரு வாரம் என்று இறங்கி வந்தார். சம்மதம், சம்மதம், சம்மதம். இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் அவருக்கே கொஞ்சம் திகைப்புதான்.

திங்கட்கிழமை பல் தேய்க்கிற மனைவியை ஏழு நிமிஷம் உற்றுப் பார்த்து, நெஞ்சில் கைவைத்துச் சோதித்தார். ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மீன் உருண்டை சூப் விற்கிற அம்மாவை அதே ஏழு நிமிஷம் பார்த்தார். அந்த அம்மா கரண்டியைத் தூக்கியதும் எழுந்து வந்துவிட்டார்.

புதன்கிழமை விஷயம் சியூலுவானுக்குத் தெரிந்துபோனது. மீன் சந்தைப் பக்கத்தில் எந்த ரகசியம் இரண்டு நாள் தாங்கியிருக்கிறது? சண்டை வரும் என்று அவர் தயாராக இருந்தார். அவள் சண்டை போடவில்லை.

"உங்க பக்கம் அவுந்தா என் பக்கமும் அவுந்த மாதிரிதானே? சாப்பாடு மூடி வெச்சிருக்கு. சாப்பிட்டுட்டுத் தட்டைக் கழுவி வைங்க, மெக்கானிக்கய்யா."

இருபத்தொன்பது வருஷம் வாய் நிறைய 'நீ' என்றும், கோபத்தில் 'டேய்' என்றும் கூப்பிட்டவள். அந்த 'ங்க' ஜிந்தெங்குக்கு முள்ளாகக் குத்தியது.

வியாழக்கிழமை அவள் முடியைச் சுருட்டிக்கொண்டு முதியோர் மன்றத்துக்குப் பாடப் போனாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரோடு ஜோடிப் பாட்டு. ஜிந்தெங் வாசலில் நின்று கேட்டார். அடிவயிறு எரிந்தது. காதல் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டார். பிறகு சந்தேகம் வந்தது: பக்கத்துக் கடைக்காரன் என் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனாலும் இதே மாதிரிதானே எரியும்? அப்படியானால் இது காதலா, சாமான் கணக்கா? இரண்டு நாள் இதே குடைச்சல். தட்டை மட்டும் ஒழுங்காகக் கழுவி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை, ஆராய்ச்சி எல்லாம் போதும் என்றாகிவிட்டது. அந்த 'ங்க'வை இன்னொரு வேளை அவரால் தாங்க முடியாது. கோயிலுக்கு ஓடினார்.

"திரும்பக் கட்டிடுங்கக்கா. இந்தாங்க பழைய சீட்டு."

கிம் அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். முன்பல் வரை வந்ததும் ஜிந்தெங்கின் வாயை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, சாமி ஒத்துக்கிட்ட சீட்டை அன்னைக்கே உலையில போட்டு எரிச்சுடுவோம். கட்டை விழலன்னாதான் கையில குடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே, நீ எந்த ஊரு?"

அவருக்கும் தெரிந்த விஷயம்தான். கோபத்தில் புத்திக்கு எட்டவில்லை.

"அப்போ என்னைக் கட்டினது யாரு?"

"யாரும் கட்டல. இல்லாத முடிச்சை அவுக்கச் சொன்னா சாமிக்கு என்ன கஷ்டம்? அதான் உடனே சரின்னுட்டார்."

நியாயமாக அவர் குதித்திருக்க வேண்டும். காதல் அவருடைய சொந்தச் சரக்குதான் என்று தீர்ப்பே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அவருக்கு வேறொன்று உறைத்தது. நூலும் இல்லை, முடிச்சும் இல்லை. சியூலுவான் இத்தனை வருஷத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் எழுந்து போயிருக்கலாம். இன்றைக்கும் போகலாம். ஜிந்தெங் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயந்தார்.

அவள் அடுக்களையில் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள்.

"சாமி வேணாம்னு சொல்லியும் என்னை ஏன் கட்டிக்கிட்ட?"

"சாமி அன்னைக்குச் சொன்னார். நீங்க மறுநாள் வந்து, கறி இன்னும் கொஞ்சம் போடுன்னு பல்லைக் காட்டினீங்க. எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"என்னை எங்க கேட்டீங்க? சாமியை இல்ல போய்க் கேட்டீங்க!"

உண்மைதான். அவர் அவளை எதுவுமே கேட்டதில்லை. கல்யாணத்தைக்கூட அவருடைய அம்மாதான் பேசி முடித்தாள்.

"சரி, இப்போ கேக்கறேன்," என்றார். "என்கூட இருப்பியா?"

சியூலுவான் கத்தியைக் கீழே வைத்தாள். "யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிச்சா?"

"இருபத்தொம்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் கேக்கறீங்க. எனக்கு ஒரு நாள் வேண்டாமா?"

மறுநாள் ஜிந்தெங் பஞ்சரான பின்சக்கரத்தை விட்டுவிட்டு முன்சக்கரத்தைக் கழற்றினார். ஒரே போல்ட்டை நாலு தடவை முறுக்கினார். மத்தியானச் சோறு ஆறிப்போனது. காதல் இருக்கிறதா என்று நெஞ்சில் கைவைத்துப் பார்க்கிற எண்ணமே அவருக்கு வரவில்லை. சாயங்காலம் சந்துமுனையில் அவள் தலை தெரிந்ததும் ஸ்பானர் கையிலிருந்து நழுவியது.

சியூலுவான் முக்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"இருக்கேன்டா," என்றாள்.

ஜிந்தெங்குக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் 'ஏன்' என்கிற கேள்வி வாய்வரைக்கும் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"கேளு. மறுபடியும் யோசிக்கறேன்."

அவர் கேட்கவில்லை.