வெட்டுக்கழனி அம்மா

செஞ்சியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்கள்: "நைனார் வூட்டு அம்மா போய்ட்டாங்க." பம்பு கையிலேயே நின்றுவிட்டது. சிங்கவரம் தாண்டி எங்கள் ஊர் வரும்வரை எனக்கு அழுகையைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

நைனார் வீட்டு பத்மாவதி அம்மாளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஏரிக்கரையின் வடகோடியில் இருந்தது அவர்கள் கழனி. பெருமழையில் ஏரி தளும்பினால் அங்கேதான் கரையை வெட்டி வெள்ளத்தை அந்தக் கழனி வழியாக ஓடைக்கு விட வேண்டும். வெட்டாவிட்டால் கரை நடுவில் உடைந்து, கீழே இருக்கும் எங்கள் தெருவை அடித்துக்கொண்டு போய்விடும். முதல் வெட்டைக் கழனிக்குச் சொந்தக்காரர்தான் போட வேண்டும். அவர் போடாமல் யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது என்பது வழக்கம். அழியும் பயிருக்கு ஈடாக, வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும், நிலம் வைத்திருப்பவர்கள் அறுவடைதோறும் அந்தக் கழனிக்காரருக்கு ஆளுக்கொரு மரக்கால் நெல் அளந்துவிட வேண்டும்.

கணவர் இறந்த வருடமே அம்மாவுக்கு அந்த வேலை வந்தது. கதிர் பால் பிடித்திருந்த நேரம். ஊரே அவர்கள் முகத்தைப் பார்த்து நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டைப் போட்டார்கள். "பயிர மறுபடி வெச்சிக்கலாம். கீழ புள்ளைங்க இருக்குது, வெட்டுங்கப்பா" என்றார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத சமணக் குடும்பம். அன்று பகலிலும் சாப்பிடாமல், தண்ணீர் வடியும்வரை கரையிலேயே நனைந்தபடி நின்றார்கள்.

பிறகு மழை பொய்த்தது. "ஏரியே காஞ்சி கெடக்குது, இன்னாத்துக்கு மரக்கா?" என்று பெரிய தெருவில் ஒவ்வொருவராக அளப்பதை நிறுத்தினார்கள். கிணறு வைத்து விளைவித்தவர்கள்கூட நிறுத்தினார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது, நாங்கள் எதை அளப்பது?

போன தை மாதம் மகன் கழனியை விற்றுவிட்டார். விசாரிக்கப் போன என்னிடம் அம்மா, "அவன் மேல தப்பு இல்லப்பா, அவனுக்கும் குடும்பம் இருக்குது. வாங்குனவருகிட்ட வழக்கத்த சொன்னேன். சிரிக்கிறாரு" என்றார்கள். பிறகு, "மழ வந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இன்று சிதை தணிந்தபின் வடகோடிக்குப் போனேன். வெட்டுமிடத்தில் வாங்கியவர் முள்வேலி கட்டியிருக்கிறார்; அவரிடம் வழக்கத்தை எடுத்துச் சொல்லவும் இனி ஆளில்லை. ராஜகிரி மலைக்கு மேலே மேகம் கறுத்துக் கிடக்கிறது. பெய்தால்தான் எங்கள் ஆட்களுக்கு நடவு வேலை. பெருமழையாகப் பெய்தால் தெருவே மிஞ்சாது. பெய் என்று கும்பிடப் பயமாக இருக்கிறது. பெய்யாதே என்று கும்பிட வாய் வரவில்லை.

போய் வாருங்கள், அம்மா. நீங்கள் கேட்டதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை.