என் கையால் எழுதிய மூன்று சமாதானங்கள்

போன வாரம் செஷன்ஸ் கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். உமக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? ஒரு வழக்கில் எனக்கும் பங்கு உண்டு. பயப்படாதீர்கள்... கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தாலும் தப்பில்லை!

எங்கள் வண்ணார்பேட்டையில் வாழை இலைக் கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி. இசக்கியம்மாள் என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் வேண்டாம். புருஷன் லோடுமேன். குடித்துவிட்டு வந்து அடிப்பான். அவள் ஸ்டேஷனுக்குப் போவாள். பின்னாலேயே தெருக்காரர்கள் நாங்கள் நாலு பேர் போவோம். 'குடும்ப விஷயம், இனி அடிக்க மாட்டான், சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதிக் கொடுத்து இருவரையும் அழைத்து வந்துவிடுவோம். எழுதுவது யார்? பத்திரிகைக்காரனான அடியேன்தான். அவள் கைநாட்டு வைப்பாள். இப்படி மூன்று தடவை. புண்ணியம் செய்ததாக நினைப்பு வேறு!

நாலாவது தடவை அவள் போனது தனக்காக இல்லை. ஆறாவது படித்துக்கொண்டிருந்த மகளுக்காக. பெற்ற தகப்பனே அந்தக் குழந்தையிடம்... இதற்கு மேல் எழுத மாட்டேன். உங்களுக்குப் புரியும்.

அந்த நாலு பேரில் ஒருவரான மரக்கடை அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார்.

"பொம்பளப் புள்ள விஷயம்வே. கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்? பைய ரெண்டு வரி எழுதும்வே."

வெட்கத்தோடு சொல்கிறேன் — பேனாவும் பேப்பருமாக நானும் ஸ்டேஷனுக்குப் போனேன்.

இசக்கியம்மாள் பேப்பரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னைய அடிச்சதுக்குக் கைநாட்டு வச்சேன் அண்ணாச்சி. அது என் உடம்பு, பொறுத்துக்கிட்டேன். இது எம்புள்ள உடம்புல்லா? அவளுக்குப் பதிலா கைநாட்டு வைக்க நான் யாரு?"

பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காதவள். எந்தப் புத்தகத்தில் படித்தாள் இதை? பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இந்தக் குற்றத்தில் சமாதானம் பேசச் சட்டத்தில் இடமே கிடையாது என்று அரசு வக்கீல் பிற்பாடுதான் சொன்னார். அவளுக்கு அது முன்னாடியே தெரிந்திருந்தது!

ஒன்றரை வருடம் வழக்கு நடந்தது. புருஷன் வீட்டார் மிரட்டினார்கள். கூடப்பிறந்த அண்ணனே அவள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் என் கடிதங்கள் மூன்றையும் எடுத்து நீட்டி, "புகார் கொடுப்பதும் வாபஸ் வாங்குவதும் இந்த அம்மாவுக்கு வழக்கம்" என்றாராம். என் கையெழுத்தே அவனுக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறதே...

அந்தப் பிள்ளையின் சாட்சியை மூடிய கதவுக்குள் விசாரித்தார்கள். தாயும் சாட்சி என்பதால் வெளியேதான் உட்கார வேண்டும். பிள்ளை அவள் இல்லாமலே உள்ளே போனாள். மேடையில் மைக்கைப் பிடித்தாலே எனக்கெல்லாம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவள் முக்கால் மணி நேரம் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்து, "எம்மா, தண்ணி" என்றாள். அவ்வளவுதான். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

போன வாரம் தீர்ப்பு. மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கு இரண்டு வருடம். மகளுக்கு இழைத்த குற்றத்துக்குப் பத்து வருடம் கடுங்காவல். நான் மூன்று முறை ஸ்டேஷன் வாசலோடு திருப்பி அனுப்பிய சட்டத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறதா! அதை உள்ளே அழைத்து வந்தது கைநாட்டுக்காரி ஒருத்தியும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும்.

வராந்தாவில் அந்தப் பிள்ளை அம்மாவின் முந்தானையை இழுத்தாள். இப்போது எட்டாவது படிக்கிறாள்.

"எம்மா, பத்து வருஷம் கழிச்சி நான் என்ன படிச்சிக்கிட்டு இருப்பேன்?"

இசக்கியம்மாள் விரல்விட்டு எண்ணினாள்.

"படிப்பே முடிஞ்சிருக்கும் ட்டி. டீச்சரா ஆயிருப்ப."

"அப்பம் நான் வளந்திருப்பேம்லா? அப்பா வந்தாலும் நீ பயப்படாண்டாம், என்னா?"

நீதிபதி அதற்கு முன்பே எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் இதைக் கேட்டிருக்க வேண்டும்.